பாசறையும் ஆற்றுப்படையும்: நீலமலை வழிகள்



மலைவழிப் பயணம் என்பது தமிழுக்குப் புதிய பாடுபொருள் அன்று. வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படுபவனை நிறுத்தி, தான் சென்ற வழியையும் சென்றடைந்த இடத்தையும் எடுத்துரைத்து அங்கே செலுத்துவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போர் இவ்வாறு ஒருவரையொருவர் ஆற்றுப்படுத்துவதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் குறிக்கின்றது. இம்மரபில், கண்டவன் சொல்கிறான், கேட்டவன் செல்கிறான். வழி சொன்னவனுடைய குரலே பாட்டு. அக்குரலை நீக்கிவிட்டால் அங்கே பாட்டு இல்லை.

நீலகிரியைப் பற்றிக் கடந்த நானூறு ஆண்டுகளில் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளை இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குவது பயனுடையது. அவற்றில் பெரும்பாலானவற்றில் சென்றவர் பெயர் உண்டு, நாள் உண்டு, உயரம் உண்டு. வழி சொன்னவர் பெயர் மட்டும் இல்லை.

முதலில் பத்துப்பாட்டில் உள்ள இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகள். கூத்தராற்றுப்படை என்பதும் அதன் பெயரே. மற்றொன்று நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது, பத்துப்பாட்டில் மிகச் சிறியது.

மலைபடுகடாத்தில் நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தர் குழு சுமந்து செல்வன இசைக்கருவிகளே. கூடாரம் இல்லை, காவற்படை இல்லை. அவர்களுக்குத் துணை, எதிர்ப்பட்டவன் சொன்ன சொல் ஒன்றே. அச்சொல்லோ மிக நுட்பமானது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகவே இருளில் நடவாமல் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. தினைப்புனத்தை மேயவரும் யானையை விரட்டக் காவலர் கவணில் எறியும் கல் மரங்களைத் தாக்கிக்கொண்டு வரும், ஆகவே மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள் என்கிறது. பாசி படர்ந்த வழுக்குப் பாறையில் கொடியைப் பற்றிக்கொண்டு நடக்கவும், பொழுது சாய்ந்தால் கல் முழைஞ்சில் சொந்த வீட்டில் போலத் தங்கவும் சொல்கிறது. வழியிலுள்ள சிற்றூர்களில் நன்னனின் கூத்தர் எனச் சொன்னால் உறவினர்போல் வரவேற்று உணவு படைப்பார்கள் என்றும் உறுதி கூறுகிறது. அந்த உறுதி இருப்பதாலேயே கூடாரம் தேவைப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. விருந்தினனுக்குக் கூடாரம் எதற்கு?

முல்லைப்பாட்டில் நாம் காண்பது பாசறை. காட்டாற்றங்கரையில் காட்டை வெட்டி, வேட்டுவரின் அரணை அழித்து, முள்வேலி வளைத்து, தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக எழுகின்றன. யானைப் பாகர் வடமொழிச் சொல்லால் யானையைப் பழக்குகின்றனர். யவனர் காவல் நிற்கின்றனர். நாழிகை வட்டிலில் பொழுதறிந்து சொல்வோரும் உளர். அரசனோ உறக்கமின்றி மறுநாட் போரை எண்ணிக் கிடக்கிறான். மிக அழகிய பாட்டு. ஆயினும் அந்தக் காட்டில் முன்பு இருந்த வேட்டுவர் எங்கே போனார் என்பதை அப்பாட்டு சொல்லவில்லை. பாட்டின் நோக்கம் அதுவன்று என்பது உண்மையே.

ஆக, ஒரு நிலத்துக்குள் நுழைய இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று வழிகேட்டு நுழைவது. மற்றொன்று பாசறை இட்டு நுழைவது. நீலமலையின் எழுதப்பட்ட வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடிப் பின்னதன் பக்கம் சாய்ந்த வரலாறு எனலாம்.

எழுத்தில் கிடைக்கும் முதல் பயணக் குறிப்பு 1603 ஆம் ஆண்டினது. யாக்கோமே பெனிசியோ என்னும் இயேசு சபைத் துறவி, மலைமேல் பழைய கிறித்தவ மக்கள் மறந்துபோய் வாழ்கிறார்கள் என்ற செய்தியை நம்பி, மன்னார்க்காட்டுப் பக்கமிருந்து மேலேறினார். அவர் கண்டது தாம் தேடிய கிறித்தவரை அன்று. எருமை வளர்க்கும் தோடரையும், உழுது வாழும் படுகரையும் கண்டார். தோடருடைய பூசகர் ஒருவரோடு உரையாடியதையும் எழுதியுள்ளார். அவ்வாண்டு ஏப்ரலில் கோழிக்கோட்டிலிருந்து அவர் எழுதிய போர்த்துக்கீசியக் கடிதம், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1906 இல் ரிவர்ஸ் என்னும் அறிஞர் தோடரைப் பற்றி வெளியிட்ட பெருநூலின் பிற்சேர்க்கையில் ஆங்கிலத்தில் அச்சேறியது. தேடிப் போனது கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியவர் என்ற வகையில், பின்வந்தோர் பலரைவிடப் பெனிசியோ நேர்மையானவர்.

அடுத்த இருநூறு ஆண்டுகள் காகிதத்தில் வெறுமை. அதனால் மலையில் ஒன்றும் நிகழவில்லை என்று கொள்ளலாகாது. தோடர் எருமைகளைப் புல்வெளி மாற்றி ஓட்டினர். கோத்தர் இரும்பும் மரமும் மண்ணும் கொண்டு தொழில் செய்து, பிறர் வீட்டுச் சாவுக்கும் இசைத்தனர். படுகர் ஹட்டிகள் பெருகின. குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் தேனெடுத்தனர். இவர்கள் யாவரும் ஒருவர் இருப்பிடத்துக்கு மற்றவர் சென்றுவர வழிகளை வைத்திருந்தனர். பின்னாளில் 'கண்டுபிடிக்கப்பட்ட' கணவாய்கள் எல்லாம் அவ்வழிகளே.

1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இம்மலை கம்பெனியாரிடம் வந்தது. 1800 இல் புக்கானன் தணாயக்கன்கோட்டையிலிருந்து அரக்கோடு வரை ஏறிப் பார்த்துத் திரும்பினார். 1812 இல் நில அளவைத் துறையைச் சேர்ந்த கீஸ் என்பவரும், அவருக்குத் துணையாக மக்மகான் என்ற பயிற்சியாளரும் அதே தணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து மேலேறினர். அப்போதைய கோயம்புத்தூர் ஆட்சியர் காரோவுக்குக் கீஸ் எழுதிய அறிக்கை, 1880 இல் வெளிவந்த கிரிக்கின் நீலகிரி மாவட்டக் கையேட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1818 இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு இளம் அதிகாரிகள் ஏறினர். புகையிலை கடத்துவோரைத் துரத்திக்கொண்டு போனபோது மலையைக் கண்டனர் என்று ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையானால், நீலமலைக்கு நல்வழி அறிந்திருந்த முதல் 'சுற்றுலாப் பயணியர்' அந்தக் கடத்தல்காரர்களே என்று சொல்ல வேண்டிவரும்!

1819 சனவரியில் ஆட்சியர் ஜான் சல்லிவன் தாமே புறப்பட்டார். நோயுற்றிருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ அவ்வாண்டில் மலைக்கு வந்து உடல் தேறினார் என்பது குளிர்மலையின் புகழைப் பரப்பியது. கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் கூடாரம் அடிக்கப்பட்டது. கூடாரம் இருந்த பக்கத்தில் விரைவில் கட்டடம் எழுந்தது. கன்னேரிமுக்கில் அது இன்று நினைவகமாக நிற்கிறது. 1822 இல் உதகையில் கல்வீடு தொடங்கி அடுத்த ஆண்டில் முடிந்தது. அவ்வீடு இன்று அரசு கலைக் கல்லூரியின் பகுதி. அது எழுந்த நிலம் தோடரிடமிருந்து பெற்றது. இதையும் நடுநிலையோடு சொல்லியாக வேண்டும்: இந்நிலம் தோடருக்கு உரியது என்று அரசுக்கு எழுதி வாதிட்டவர்களுள் முதன்மையானவரும் அதே சல்லிவன்தான். ஆளுநர் லஷிங்டனுடன் அவருக்கு ஏற்பட்ட முரண்பாட்டில் இதுவும் ஓர் இழை. உரிமையை ஒப்புக்கொண்டே நிலத்தைப் பெற்ற மனிதர் அவர். அவரை வெறும் கொடியவராகவோ வெறும் புரவலராகவோ பாடும் கவிஞர் இருவருமே பாதியை விட்டுவிடுகின்றனர்.

கூடாரத்தின் பின்னே பாதை வந்தது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மெக்பெர்சன் என்ற படையதிகாரியின் கீழ்ப் பயனியர் படையினர் வெட்டிய குதிரைப்பாதை 1823 இல் முடிந்தது. லஷிங்டன் காலத்தில் மர்ரே முதலியோர் குன்னூர்ப் பாதையை 1830களின் தொடக்கத்தில் அமைத்தனர். மேற்கே மலையாள நாட்டுக்கு இறங்கச் சிஸ்பாரா வழி திறக்கப்பட்டது. அது பின்னர்க் கைவிடப்பட்டுக் காடாயிற்று. 1899 இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908 இல் உதகை வரையும் மலை இரயில் ஏறியது. இவற்றை விரித்துரைப்பார் பலர் உண்டாகையால் இங்கே இவ்வளவு போதும்.

விரித்துரைப்பார் இல்லாத செய்தி ஒன்று உண்டு. 1834 இல் மெக்காலே சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாக உதகைக்கு வந்தார். ஏறத்தாழ நானூறு மைல் தொலைவு மனிதர் தோள்களிலேயே வந்தார். அப்பல்லக்கைச் சுமந்தோர் எத்தனை முறை மாறினர், சரிவில் அவர்கள் காலுக்கு எது பிடிமானமாக இருந்தது, இரவில் எங்கே படுத்தனர் என்பதற்கு ஏடு இல்லை. உதகையின் புனித ஸ்தேவான் ஆலயத்து உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று வழிகாட்டுவோர் பெருமையோடு சொல்கின்றனர். அம்மரங்களை மலையேற்றியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மலைபடுகடாத்தின் புலவர் கேட்டிருப்பார். அப்பாட்டில் மலையின் ஓசைகள் அடுக்கப்படும் பகுதியில், புலி கிழித்த கணவனின் புண் ஆறுவதற்காகக் குறமகள் பாடும் பாட்டும் ஓர் ஓசையாக இடம்பெறுகிறது. மலைக்கு யானையை உவமித்து, அங்கெழும் ஓசையைக் கடாம் என்று பாட்டுக்கே பெயரிட்ட மரபு அது. ஓசைகளுள் அருவிக்கு இடமுண்டு, வலிக்கும் இடமுண்டு.

இனி, இவ்வுரையின் நடுவே நிற்க வேண்டிய செய்தி. நீலமலையில் ஆற்றுப்படை இல்லையா? உண்டு. அது தமிழில் இல்லை. தோட மொழியில் உண்டு.

தோடர் பாட்டை 1930களில் ஊன்றிக் கேட்டுப் பதிவு செய்தவர் எமனோ. அவர் தொகுத்த தோடர் பாடல்கள் 1971 இல் நூலாயின. அப்பாடல்களின் யாப்பு வியப்புக்குரியது. குறுகிய சொற்கூறுகள் இணை இணையாக வருகின்றன. ஒரு மந்தின் பெயர் வந்தால் அதற்கு இணையாக மற்றொரு பெயர் வந்தாக வேண்டும். ஒரு மலைக்கு ஒரு மலை, ஒரு நீர்நிலைக்கு ஒரு நீர்நிலை. இடப்பெயர் இல்லாமல் தோடர் பாட்டு நடக்காது. இடத்தை அறியாதவன் அம்மொழியை அறிந்தாலும் பாட இயலாது. நம் கவியரங்குகளில் நீலகிரியைப் பற்றிப் பாடப்படும் கவிதைகளை இதனோடு ஒப்பிட்டால் சற்று நாணம் தோன்றுவது இயல்பு. மலையரசி, பனித்துகில், பச்சைக் கம்பளம் என்ற மூன்று சொற்களைக் கொண்டு கொடைக்கானலையும் ஏற்காட்டையும் வால்பாறையையும்கூடப் பாடிவிடலாம். எவருக்கும் வேறுபாடு தெரியாது.

தோடரின் ஆற்றுப்படை இறந்தவருக்கு உரியது. உயிர் மேற்றிசையில் உள்ள மறுவுலகுக்குச் செல்கிறது என்பது அவர்கள் கொள்கை. அவ்வழி கற்பனை வானவெளியில் செல்வதன்று. கண்ணுக்குத் தெரியும் குன்றுகள், ஓடைகள், கற்கள் வழியே செல்வது. ரிவர்ஸ் பதிவு செய்தவாறு, வழியில் ஒரு கல்லருகே இவ்வுலகப் பற்று நீங்குகிறது. ஒரு மரத்தருகே நோய்கள் நீங்குகின்றன. நூலால் ஆன பாலமுடைய ஆறு ஒன்றைத் தாண்ட வேண்டும். தீயவர் அதிலிருந்து அட்டைகள் நிறைந்த நீரில் வீழ்வர். உதகையைச் சேர்ந்த தருண் சாப்ரா என்பவர் நெடுங்காலம் தோடரோடு பழகி, அவர்தம் நிலக்காட்சியையும் இவ்வழியையும் விரிவாக ஆராய்ந்து 2015 இல் நூலாக வெளியிட்டார். நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தனுக்கு வழுக்குப் பாறையைச் சுட்டிய அதே அக்கறை, இறந்தவனுக்குக் கல்லையும் மரத்தையும் சுட்டும் இப்பாட்டிலும் உள்ளது. இரண்டையும் ஒருங்கே ஒப்பிட்டு ஆராயத் தமிழ்த்துறைகள் இன்னும் முனைந்து முன்வர வேண்டும்.

இதில் பெரிய இடர் ஒன்றுண்டு. பாட்டு நிலத்தின்மேல் நிற்கிறது, நிலமோ மாறிவிட்டது. மேற்கு நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூரத் தைலமரமும் பெருமளவில் நடப்பட்டன. 1950களில் தொடங்கிய குந்தா மின்திட்டத்தால் அவலாஞ்சி, எமரால்டு முதலிய நீர்த்தேக்கங்கள் தோன்றின. மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லார். அத்திட்டப் பணிக்காக வந்த பொறியாளர் ஒருவரின் துணைவியாராக மலைக்கு வந்த ராஜம் கிருஷ்ணன், படுகர் வாழ்வின் மாற்றத்தைக் குறிஞ்சித்தேன் என்ற நாவலாக 1963 இல் தந்தார் என்பதும் அதே திட்டத்தின் விளைவுதான். ஆனால் ஒரு புல்மேடு சீகைக் காடாகும்போது பாட்டில் உள்ள ஒரு பெயர் சுட்டுதற்குப் பொருளின்றிப் போகிறது. பாடுபவர் கைநீட்டிக் காட்ட முடியாத பெயர், அடுத்த தலைமுறையின் வாயில் வெறும் ஓசையாகிறது. அதற்கடுத்த தலைமுறையில் ஓசையும் இல்லை. முக்குறுத்தித் தேசியப் பூங்காவில் அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் முயற்சி வரையாடுகளுக்காகச் செய்யப்படுவது. அதனால் சில பாடல்வரிகளும் மீளக்கூடும்.

மலைக்கு வந்தோருள் மற்றொரு கூட்டத்தாரையும் இங்கே எண்ண வேண்டும். 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தனர். அவர்களுள் பலருக்கு வேலை தருவதற்காக 1968 இல் தொடங்கப்பட்டதே பின்னர்த் 'டேன்டீ' எனப் பெயர்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டம். கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவர்கள் குடியமர்ந்தனர். பாசறை, கூடாரம் என்ற சொற்களோடு முகாம் என்ற மூன்றாவது சொல்லையும் நீலமலை இவர்களால் கற்றது. இவர்களை ஆற்றுப்படுத்தியவர் எவர்? கையில் ஒரு குடும்ப அட்டை இருந்தது. முன்னே சென்றவர் எழுதிய கடிதம் சிலருக்கு இருந்திருக்கும். கண்டிச் சீமையின் கங்காணிப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தொகுக்கப்பட்ட அளவுக்கு, திரும்பிவந்த வழியின் பாட்டு தொகுக்கப்படவில்லை. அவ்வழியில் சிறுவராக வந்தோர் இன்று முதியோர்.

இன்றைய பயணியைப் பற்றியும் இரண்டு சொல். காரின் கூரைமேல் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கல்லட்டிச் சரிவின் 36 கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, சீகூர்ச் சமவெளியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இரவு கழிக்க விரும்புவோர் பலர். பள்ளத்தாக்கு அவ்விருப்பத்துக்குத் தகுதியானதே: நீலமலையின் வடக்குச் சுவர் ஒருபுறம் நிமிர்ந்து நிற்க, பைக்காராவின் நீரைத் தாங்கிய மாயாறு ஆழத்தில் பாறையை அறுத்துச் செல்கிறது. ஆனால் அங்கே மனிதனுக்கு முன்பே வழி வகுத்தது யானை. சீகூர் யானை வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வழித்தடத்தை மறித்து நின்ற விடுதிகள் மூட நேர்ந்தது. முதுமலை – பந்திப்பூர்ச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. இருளில் நடவாதீர், விடிந்தபின் செல்லுங்கள் என்று பெருங்கௌசிகனார் சொன்னதைத்தான் இன்று தடுப்புக் கம்பம் சொல்கிறது. 2024 மே மாதத்திலிருந்து மலையேறும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி மின்னணு அனுமதிச் சீட்டும் வந்துவிட்டது. வண்டி எண் என்ன, எத்தனை நாள், எங்கே தங்கல் என்று அது கேட்கிறது. வழியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மழையைப் பற்றியாவது சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் சரிந்த மண்ணில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டு 8 ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாள் கணக்கில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எந்தச் சரிவு பொதபொதப்பானது, எந்த ஓடை இரவில் பெருகும் என்பதை அந்தந்த ஹட்டியின் முதியோரும் தோட்ட லயத்தின் முதியோரும் அறிவர். அவ்வறிவு சொல்லாக வெளிப்பட ஒரு பாட்டு வடிவம் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. நெல்லுக்கும் பொன்னுக்கும் பாடப்பட்ட வடிவம் உயிர் காக்கவும் பாடப்படலாம்.

கீஸ் புறப்பட்ட தணாயக்கன்கோட்டை இன்று இல்லை. 1955 இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையின் நீருக்குள் கோட்டையும் மாதவப் பெருமாள் கோயிலும் மூழ்கின. மலையேறியவர் பலருக்கும் தொடக்கமாக இருந்த இடத்தின் மேல் இப்போது மாயாறும் பவானியும் கலந்து நிற்கின்றன. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள தெங்குமரகடா நீலகிரி மாவட்டத்து ஊர். ஆயினும் பவானிசாகர் வழியாகக் காட்டில் பேருந்தில் சென்று, மாயாற்றங்கரையில் இறங்கி, பரிசலில் கடந்தே அவ்வூரை அடைய வேண்டும். கோடநாட்டுக் காட்சிமுனையில் நிற்பவர்க்கு அந்த ஊரும் ஆறும் ரங்கசாமித் தூணும் தொலைவில் நீர்ப்பரப்பும் ஒருங்கே தெரியும். வறட்சி முற்றிய ஆண்டுகளில் நீர் இறங்க, சேற்றுக்கு மேலே கோயிலின் கற்கள் தலைகாட்டுகின்றன. அப்போது அக்கரைக்குப் போய்வரும் பரிசற்காரரிடம் பழைய வழி எங்கே தொடங்கிற்று என்று கேட்டால், துடுப்பை நீட்டித் திசை காட்டுவார்.